‘இனி ஆபீசில் ஆங்கிலம் மட்டும்’ என்று மெயில் வந்தால்

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இதுதான். ஒரகடம் பக்கம் ஒரு கொரிய கம்பெனி. டிப்ளமோ முடித்துவிட்டு எட்டு வருடமாகத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறார். போன மாதம் எச்.ஆரிலிருந்து, வேலை நேரத்தில் இனி ஆங்கிலம் மட்டும்தான் என்று ஒரு மெயில். கொரியர்கள் தங்களுக்குள் கொரிய மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள், அதை யாரும் கேட்பதில்லை, நாங்கள் தமிழில் பேசினால் மட்டும் முறைக்கிறார்கள், இது சட்டப்படி சரியா, நான் என்ன செய்வது என்று கேட்கிறார்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் பக்கம்தான் குப்பை கொட்டுகிறேன். முதலில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் இன்ஜினியர், அப்புறம் ஜப்பானிய மொழி படித்து பாதி இன்ஜினியர் பாதி மொழிபெயர்ப்பாளர், இப்போது இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு சப்ளையர் தரப் பிரச்சினைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். திட்டு வாங்கியும் இருக்கிறேன், திட்டை மொழிபெயர்த்தும் இருக்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். ஒரு தனியார் கம்பெனி தன் வேலை மொழி இன்னது என்று வைத்துக்கொள்வதைத் தடுக்கும் சட்டம் இங்கே கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் ஆட்சிமொழிப் பிரிவுகள், 1956-இன் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் எல்லாம் அரசாங்கம் நடக்கும் விதத்தைப் பற்றியவை. 1976-இல் ஒன்றிய அரசு போட்ட ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக மற்ற இந்தியாவுக்குத்தான் பொருந்தும் என்று அந்த விதிகளின் தொடக்கத்திலேயே இருக்கிறது. படித்தால் நெஞ்சு நிமிரும், ஆனால் அந்த வரி உங்கள் கம்பெனி கேட்டைத் தாண்டி உள்ளே வராது. தொழிலாளர் சட்டத்தில் மட்டும் ஒரு சின்னப் பிடி உண்டு. நிலையாணைகளை, அதாவது கம்பெனியின் வேலை விதிகளை, ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் ஒட்ட வேண்டும் என்று 1946-இன் நிலையாணைச் சட்டம் சொன்னது. அறிவிப்புகளுக்கு அதையே 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமும் சொன்னது. இவையெல்லாம் இப்போது புதிய சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன, அதனால் இன்றைய விதி எண்ணை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இதைவிடக் கடுமையாக வைத்திருக்கிறார்கள். பிரான்சில் 1994-இல் வந்த தூபோன் சட்டப்படி, ஊழியர் வேலை செய்யத் தேவையான ஆவணம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். ஜி.இ. மெடிக்கல் சிஸ்டம்ஸ் கம்பெனியின் பிரெஞ்சுக் கிளை ஆங்கில ஆவணங்களை அப்படியே கொடுத்ததற்காக 2006-இல் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5,80,000 யூரோ கட்டச் சொன்னது. கனடாவின் கியூபெக்கில் 1977-லிருந்தே பிரெஞ்சில் வேலை செய்வது தொழிலாளியின் உரிமை. நாம் மொழிக்காகச் சிறைக்குப் போனவர்கள், துப்பாக்கிச் சூடு பட்டவர்கள், ஆனால் நம் போராட்டம் எல்லாம் பள்ளிக்கூடம், அரசு ஆபீஸ், பெயர்ப்பலகை என்றே போனது. தொழிற்சாலைக்குள் எந்த மொழியில் சம்பள உயர்வு முடிவாகிறது என்ற இடத்துக்கு அது வந்து சேரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மெயிலை ஒரு பக்கம் வையுங்கள். கம்பெனியின் மொழி எது என்று மெயிலில் பார்க்கக்கூடாது, முடிவு எங்கே எடுக்கப்படுகிறது, அப்போது அங்கே என்ன மொழி பேசினார்கள் என்று பார்க்க வேண்டும். காலை எட்டரை மணி மீட்டிங் ஆங்கிலத்தில் நடக்கும். அதில் எதுவும் முடிவாகாது, எல்லோரும் நேற்றைய ரிஜெக்‌ஷன் எண்ணை வாசித்துவிட்டுப் போவார்கள். சியோலிலிருந்து வரும் மெயில் கொரிய மொழியில் வரும். அதற்குப் பதில் கொரிய மொழியில் போகும். இந்திய மேனேஜருக்குப் பக்கத்திலேயே கோஆர்டினேட்டர் என்ற பெயரில் ஒரு கொரியர் உட்கார்ந்திருப்பார், கையெழுத்து இந்தியருடையது, முடிவு அவருடையது. ராத்திரி கொரிய ஓட்டலில் சாப்பாட்டு மேசையில் ஒரு சப்ளையரை மாற்ற முடிவு செய்திருப்பார்கள், அது உங்களுக்கு மூன்று நாள் கழித்து ஆங்கிலத்தில் வந்து சேரும். ஆகவே ‘ஆங்கிலம் மட்டும்’ என்ற விதி மேலே இருப்பவர்களைத் தொடவே இல்லை. அது கீழே இருப்பவர்களுக்கு இடையில் மட்டும் ஓடுகிறது.

இந்த இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்கும் ஆளைப் பாருங்கள், அதிகாரம் அங்கேதான் சத்தமில்லாமல் போய்ச் சேரும். மெட்ராஸ்காரனுக்கு இது புதிதில்லை. துபாஷி என்ற சொல்லே இரண்டு மொழி தெரிந்தவன் என்பதிலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது, நெசவாளிக்கு இங்கிலீஷ் தெரியாது, நடுவில் நின்றவர் வீடு கட்டினார், கோயிலுக்கு எழுதிவைத்தார். பச்சையப்ப முதலியார் துபாஷிதான், 1794-இல் அவர் இறந்தபோது விட்டுப்போன சொத்திலிருந்துதான் பிற்பாடு பச்சையப்பன் கல்லூரி வந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். அதில் அவர் கவர்னரின் மனைவியைப் பற்றிப் புலம்பித் தள்ளியிருக்கிறார். அந்த அம்மாள் பாண்டிச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரியும். துரையின் வீட்டுக்குள்ளேயே ஒருவருக்குத் தமிழ் தெரிந்துவிட்டால் துபாஷியின் பிழைப்பில் பாதி போச்சு, புலம்பாமல் என்ன செய்வார்.

நானும் அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு சப்ளையர் கம்பெனியில் தர ஆய்வு. ஜப்பானியப் பெரியவர் மூன்றாவது முறையாக அதே குறை வந்ததைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு முறையும் நீங்கள் எழுதிக் கொடுக்கும் காரணம் மேசையில் உட்கார்ந்து எழுதியது, ஒருவரும் மெஷின் பக்கம் போய் நின்று பார்க்கவில்லை, இப்படியே போனால் அடுத்த மாடலுக்கு உங்களிடம் ஆர்டர் கொடுக்க என்னால் சிபாரிசு செய்ய முடியாது என்றார். முதலாளி எதிரே உட்கார்ந்திருந்தார், அவருக்கு ரத்த அழுத்தம் வேறு. நான் தமிழில் சொன்னது, “இன்னும் கொஞ்சம் கவனமா பார்க்கச் சொல்றாரு சார்.” அவ்வளவுதான். எல்லோரும் நிம்மதியாகப் பிரியாணி சாப்பிட்டோம். நான்காவது முறையும் அதே குறை வந்தது, அடுத்த மாடல் வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை, மழுப்பினேன். அந்த அறையில் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை என்பதுதான் எனக்கு இருந்த அதிகாரம். அந்தப் பெரியவரும் நம் ஆட்கள் “சரி சார், சரி சார்” என்றதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார், ‘ஆமாம்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘ஹை’ மாதிரியே நம் ‘சரி’க்கும் பல சமயம் காதில் விழுந்தது என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது என்று அவருக்கும் நான் சொல்லவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், உங்கள் கேள்விக்கு நெருக்கமானது இதுதான். நான் முதலில் வேலை பார்த்த பிரஸ் ஷாப்பில் ஒரு டை செட்டர் அண்ணன் இருந்தார், தகட்டை வெட்டும் அச்சை மெஷினில் பொருத்துபவர். ஐ.டி.ஐ. படிப்பு, பதினைந்து வருடப் பழக்கம். ஒரு பிராக்கெட்டில் பர், அதாவது வெட்டிய ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் பிசிறு, வந்துகொண்டிருந்தது, கஸ்டமர் லாட்டையே திருப்பி அனுப்பிவிட்டான். அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு என்.ஜி. பீஸை எடுத்து கட்டைவிரல் நகத்தால் சுற்றிலும் வருடினார். (கெட்ட பீஸை என்.ஜி. என்று சொல்வது ஜப்பானியர்கள் விட்டுப்போன இங்கிலீஷ், இந்தப் பக்கம் எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது.) “ஒரு பக்கம்தான் சார் பர்ரு. பஞ்ச் தேயலை. கைடு பில்லர் புஷ் லூஸு. அடிக்கும்போது டை நகருது, சத்தத்தைக் கேளுங்க, ரெண்டு தட்டு கேக்கும்” என்றார். எனக்கு ஒரு தட்டுதான் கேட்டது.

மறுநாள் மீட்டிங். அந்தக் கம்பெனியிலும் மீட்டிங் ஆங்கிலத்தில்தான், ஏனென்றால் கஸ்டமர் பக்கத்திலிருந்து ஒரு வெளிநாட்டுக்காரர் வருவார். அண்ணன் பின் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதிதாகச் சேர்ந்த டிரெய்னி இன்ஜினியர் காரணங்களைக் கிளை கிளையாகக் காட்டும் மீன்முள் படத்தை அழகாகப் போட்டு, காரணம் ஆபரேட்டரின் கவனக்குறைவு, தீர்வு ஆபரேட்டருக்குப் பயிற்சி என்று முடித்தார். எனி கொஸ்டின்ஸ் என்று கேட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் சேர்ந்து ஒரு வருடம் ஆன பையன், வாயைத் திறக்கவில்லை. ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், பர் வந்துகொண்டே இருந்தது. ஆறு வாரம் கழித்து டையைப் பிரித்தால் புஷ் தேய்ந்திருந்தது. குறையின் காரணத்தையும் தீர்வையும் எழுதும் எய்ட்-டி ரிப்போர்ட்டில் கண்டுபிடித்தவர் பெயர் டிரெய்னி. அந்த வருட அப்ரைசலில் அண்ணனுக்கு எழுதியிருந்த வரி: கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் நீட் இம்ப்ரூவ்மென்ட்.

இதை வெறும் அநியாயம் என்று பார்க்க வேண்டாம், கம்பெனிக்கு எத்தனை லாட் நஷ்டம் என்று கணக்குப் பாருங்கள். மொழி விதி போடுபவர்கள் பார்க்காமல் விடுவது இந்தக் கணக்கைத்தான். தெரிந்தவன் பேசவில்லை, பேசத் தெரிந்தவனுக்கு விஷயம் தெரியவில்லை.

உலகத்தில் நிறையப் பேர் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். 1997-இல் பின்லாந்தின் மெரிட்டா வங்கியும் ஸ்வீடனின் நூர்ட்பாங்கனும் இணைந்தபோது வேலை மொழி ஸ்வீடிஷ் என்று முடிவு செய்தார்கள். பின்லாந்தில் ஸ்வீடிஷும் ஒரு ஆட்சிமொழி, பள்ளியில் எல்லோரும் படிக்கிறார்கள், என்ன கஷ்டம் என்று நினைத்திருப்பார்கள் போல. பள்ளியில் படித்த மொழியில் பரீட்சை எழுதலாம், ஒருத்தனை எதிர்த்து வாதாட முடியுமா? அனுபவமுள்ள பின்லாந்து அதிகாரிகள் கூட்டத்தில் ஊமையாகிவிட்டார்கள், ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்ட சிறுபான்மை பின்லாந்துக்காரர்களுக்கு மவுசு கூடியது. 1809 வரை ஸ்வீடன் ஆட்சியில் இருந்த நாடு, அந்தப் பழைய நினைப்பு வேறு கிளம்பியது. 2000-இல் டென்மார்க் வங்கியும் சேர்ந்து நோர்டியா ஆன சமயத்தில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். எல்லோருக்கும் சமமாகக் கஷ்டமான மொழி, அந்த வகையில் நியாயம்தான்.

ஆனால் ஆங்கிலம் என்று அறிவித்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. நம் ஊர் அடுக்குமாடிகளில் லிஃப்ட்டுக்குள் கோனே என்று பார்த்திருப்பீர்களே, அதுவும் பின்லாந்துக் கம்பெனிதான், ஆங்கிலத்தை வெகு காலம் முன்பே கம்பெனி மொழியாக வைத்துக்கொண்டது. ரெபெக்கா மார்ஷன்-பியெக்காரியும் வெல்ச் தம்பதியும் அங்கே ஆராய்ந்து 1999-இல் எழுதினார்கள்: காகிதத்தில் இருக்கும் பதவி வரிசைக்குப் பின்னால் மொழியால் ஆன ஒரு நிழல் அமைப்பு ஓடுகிறது, யாருக்கு யாருடைய மொழி தெரியுமோ அந்த வழியாகத்தான் செய்தி போகிறது, பதவி சின்னதாக இருந்தாலும் மொழி தெரிந்தவன் வாசல் காப்போன் ஆகிவிடுகிறான். உங்கள் கம்பெனியில் கொரிய மொழி தெரிந்த அந்த ஒரு மொழிபெயர்ப்பாளப் பெண்ணிடம் பெரிய மேனேஜர்களே லீவு விஷயத்தைச் சொல்லி வைக்கச் சொல்கிறார்களா இல்லையா?

ஜப்பானில் ரக்குட்டென் என்ற ஆன்லைன் வியாபாரக் கம்பெனியின் தலைவர் ஹிரோஷி மிகிதானி 2010-இல் இனி கம்பெனி மொழி ஆங்கிலம் என்று ஜப்பானியர்களிடமே சொன்னார். கேன்டீன் மெனுவரை மாறியது. இரண்டு வருட அவகாசம், டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் எடுக்காவிட்டால் பதவி இறக்கம் என்ற மிரட்டல் வேறு. ஜப்பானில் இருந்துகொண்டு இதென்ன முட்டாள்தனம் என்கிற மாதிரி அப்போதைய ஹோண்டா தலைவர் சொன்னார், 2015-இல் அதே ஹோண்டா நாடுகளுக்கு இடையிலான வேலைக்கு ஆங்கிலம் என்று அறிவித்தது தனிக் கூத்து. ரக்குட்டெனைப் பல வருடம் கவனித்த ஹார்வர்டு பேராசிரியர் செடால் நீலி சொன்னதில் எனக்குப் பிடித்தது, ஆங்கிலமும் தாய்மொழி இல்லை ஜப்பானியமும் தெரியாது என்று இருந்த மற்ற நாட்டுக்காரர்கள்தான் இந்த மாற்றத்தில் நன்றாகப் பொருந்திப்போனார்கள் என்பது. நம்மவர்களுக்கு அது வரும். ரக்குட்டெனிலோ லெனோவோவிலோ ஒன்று கவனியுங்கள், விதி தலைவரையும் சேர்த்துப் பிடித்தது. ஐ.பி.எம்.மின் கணினிப் பிரிவை 2005-இல் வாங்கியபின் லெனோவோவின் யாங் யுவான்சிங் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபோய் ஆங்கிலம் கற்றுக்கொண்டார்.

இவ்வளவும் வெளிநாட்டுக்காரனைப் பற்றி. நம்மைப் பற்றியும் கொஞ்சம். ‘ஆங்கிலம் மட்டும்’ மெயிலை உங்கள் கம்பெனியில் எழுதியது கொரியராக இருக்காது, நம் ஊர் எச்.ஆராகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். கொரியருக்கே ஆங்கிலம் தடுமாற்றம்தான், அவருக்கு அதில் என்ன லாபம்? லாபம் நகரத்தில் கான்வென்ட்டில் படித்து வந்த நம் ஆளுக்கு. செய்யாறிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவனை, தொழிலில் ஜெயிக்க முடியாத இடத்தில், மொழியில் ஜெயிக்கலாம். ஓ.எம்.ஆர். பக்கம் இதற்கு எம்.டி.ஐ. என்று வியாதி மாதிரி ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், பேச்சில் தாய்மொழியின் சாயல் தெரிகிறதாம், இன்டர்வியூவில் அதை ஒரு குறையாகக் குறித்துக்கொள்கிறார்கள். ‘ழ’வைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர் நம் ‘ப’வைத் திருத்துகிறார்.

அதே சமயம் நாமும் யோக்கியர்கள் இல்லை. உங்கள் லைனில் ஒடிசா பையன், பீகார் பையன் கான்ட்ராக்ட்டில் இருப்பான். ஷிப்ட் மாறும்போது நாம் தமிழில் மளமளவென்று பேசி, எந்த மெஷினின் சேஃப்டி சென்சார் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறோம், அவன் தலையாட்டுகிறான். கொரியர் நமக்குச் செய்வதை நாம் அவனுக்குச் செய்கிறோம், அவனுக்கு அதில் விரல் போகலாம். ஆகவே தமிழ் தெரியாத ஒருவர் இருக்கும் கூட்டத்தில் எல்லோருக்கும் புரியும் மொழியில் பேசு என்று விதி வைத்தால் நான் அதை ஆதரிப்பேன். டீ குடிக்கும் இடத்திலும் டை பக்கத்திலும் தமிழ் பேசாதே என்பதுதான் அதிகப்பிரசங்கித்தனம்.

என்ன செய்வது என்று கேட்டீர்கள். மெயிலை எதிர்த்து வீராவேசமாகப் பதில் போடாதீர்கள், ‘ஆட்டிட்யூட் பிராப்ளம்’ என்று ஃபைலில் ஏறும். மேனேஜரிடம் நேரில் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பிரச்சினையின் காரணத்தை லைனில் தமிழில் பேசி முடித்துவிட்டு, முடிவை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறோம், சரியா என்று. ரிஜெக்‌ஷன் குறையும் என்று சேர்த்துச் சொல்லுங்கள், அந்த மொழி எல்லோருக்கும் புரியும். அப்புறம் மீட்டிங் மினிட்ஸ் எழுதும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். யாருக்கும் பிடிக்காத வேலை, உடனே கொடுத்துவிடுவார்கள். கூட்டத்தில் பேசத் தயங்குபவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. யார் என்ன சொன்னார் என்பதை ராத்திரி நிதானமாக, அகராதி பார்த்து, போனில் மொழிபெயர்ப்பு வைத்துச் சரிபார்த்து எழுதலாம். டை செட்டர் சொன்னது அவர் பெயரோடு அதில் ஏறும். மூன்று மாதம் கழித்து சண்டை வந்தால் எல்லோரும் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான். மீட்டிங் ஸ்லைடை முந்தின நாளே அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கருத்தை நான்கு வரி எழுதிவைத்து, கூட்டம் தொடங்கிய உடனே முதல் ஆளாகச் சொல்லிவிடுங்கள், பேச்சு சூடு பிடித்த பிறகு நடுவில் நுழைய இன்னொருவர் மொழியில் யாராலும் எளிதில் முடியாது.

கொரிய மொழி படியுங்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். கொரியத்திலும் அப்பா அப்பாதான் என்று சொல்லிச் சிரிப்பதோடு நம் ஆர்வம் முடிந்துவிடுகிறது. எழுத்து கஷ்டமே இல்லை, சில வாரத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். சென்னையில் இன்கோ சென்டரில் வகுப்பு நடக்கிறது, ஜப்பானியம் என்றால் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் இருக்கிறது. சரளமாகப் பேச வருடக்கணக்கில் ஆகும், அது வேண்டியதில்லை. ‘குறை’, ‘தாமதம்’, ‘விலை’, ‘அவன்தான்’ என்று முப்பது நாற்பது சொல் காதில் விழுந்தால் போதும், உங்கள் எதிரிலேயே உங்களைப் பற்றிப் பேசுவது குறைந்துவிடும்.

கடைசியாக, அந்த மெயிலைப் பற்றி ஒரு வேலை. அது விதி என்றால் லைனில் இருப்பவர்களுக்கும் விதிதானே, அவர்களில் பாதிப் பேருக்கு மெயில் ஐடியே இருக்காது. நோட்டீஸ் போர்டில் அது தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று நாளைக்குப் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் எச்.ஆரிடம் மரியாதையாக, எங்கள் ஆட்களுக்குப் புரிய வேண்டும், தமிழில் ஒரு காப்பி கொடுங்கள் சார், ஒட்டிவிடுகிறோம் என்று கேளுங்கள். அதை எழுத உட்காரும்போது அவர் என்ன சொல்கிறார் என்பதை வைத்து மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.